எழுந்து நின்ற ஊர்

அறுப்பு நேரத்தில் மிஷின் நடுவயலில் நின்றால், ஒன்று பெல்ட் அறுந்திருக்க வேண்டும், இல்லை ஓட்டுகிறவனுக்கு நெஞ்சு வலித்திருக்க வேண்டும். வேறு எதற்காகவும் ஹார்லன் ஊர்ப் பக்கத்தில் எவனும் மிஷினை நிறுத்தமாட்டான். ஆகஸ்டு வெயிலில் கோதுமை காய்ந்து கலகலத்து நிற்கும். ஒரு பொறி பட்டால் மலைச்சரிவே பற்றிக்கொள்ளும். அதற்குள் அறுத்து, ஊர்த் தானியக் குதிரில் கொண்டுபோய்த் தட்டிவிட வேண்டும். அதனால்தான், வயலோரத்தில் லாரியைப் போட்டுவிட்டு ஸ்டியரிங் மேல் தலை சாய்த்திருந்த ஆர்லிஸ், சத்தம் நின்றதும் வாரிச்சுருட்டிக்கொண்டு எழுந்தாள். ஒரு கையில் தீயணைக்கிற சிலிண்டரும் மறு கையில் தண்ணீர்க் குடுவையுமாக அரிதாளுக்குள் விழுந்தடித்து ஓடினாள்.

மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் அவள் புருஷன் டுவெய்ன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரேடியோ அலறிக்கொண்டிருந்தது.

"என்னய்யா ஆச்சு? நெஞ்சு கிஞ்சு அடைக்குதா?"

"போயாச்சு, ஆர்லிஸ்."

ஆஸ்பத்திரியில் கிடக்கிற மச்சினன் ஞாபகம்தான் அவளுக்கு வந்தது. "யாரு? எப்போ?"

"கடற்கரைக்காரனுங்க. கிழக்குக் கூட்டணில சேந்துட்டானுங்களாம். இப்பத்தான் சொன்னான்."

ஆர்லிஸ் சிலிண்டரைக் கீழே போட்டாள். "இந்தக் கண்றாவிக்கா மிஷின நிறுத்துன? உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடியாறேன் நான்."

"உனக்குக் கண்றாவி. எங்க தாத்தா காலத்துலேருந்து அவனுங்களோட ஆடுறோம். ஒரு வார்த்த சொல்லல பாத்தியா. ரேடியோவுல கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு."

"சொல்லிட்டுப் போனா மட்டும் மாலை போட்டா அனுப்பியிருப்ப? தண்ணியக் குடிச்சுட்டு ஓட்டு. மேகம் ஏறுது பாரு."

அவன் தண்ணீரைக் குடிக்கவில்லை, தலையில் ஊற்றிக்கொண்டான்.

கூட்டணி என்றால் என்னவென்று நம்மவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நேற்றுவரை தோளில் கை, விடிந்தால் அடுத்த மேடையில் பொன்னாடை. வாஷிங்டன் மாநிலத்தில் அதைக் கல்லூரிகள் செய்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம். மலைக்கு இந்தப் பக்கம் கோதுமைக் காட்டுக்குள் ஹார்லன் ஸ்டேட். மலைக்கு அந்தப் பக்கம் போர்ட் ஆல்டனில் கடற்கரைக் கல்லூரி. தெற்கே இன்னும் சில. எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டணி கட்டி, பந்தை இடுக்கிக்கொண்டு முட்டி மோதுகிற அந்த ஃபுட்பாலில் தொடங்கி ஓட்டம், நீச்சல், ஈட்டி வரை தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தன. டிவிக்காரர்கள் வந்தார்கள். யார் ஊரில் டிவி பார்க்கிற ஜனம் அதிகமோ அவர்களை ஓரம் கூப்பிட்டுப் பேசினார்கள். தெற்கே இருந்த பெரிய இரண்டு கல்லூரிகள் முதலில் கழன்றன. அப்புறம் மற்றவை ஒவ்வொன்றாக நழுவின. கடைசியில் ஹார்லனும், இதே மாதிரி மாடு கோதுமை தவிர வேறு நாதியில்லாத இன்னொரு கல்லூரியும்தான் மிச்சம். கல்யாண வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுப் போனபிறகு பந்தல் பிரிக்க மாட்டிக்கொண்ட இரண்டு பேர் மாதிரி.

மத்தியானம் ஆர்லிஸ் சாப்பாட்டை லாரியின் பின்பலகையில் பரப்பினாள். பீன்ஸும் மாட்டுக்கறியும் போட்டு மிளகாய்த்தூள் தூக்கலாகக் கொதிக்கவைத்த குழம்பு, தொட்டுக்கொள்ளப் பட்டைப்பொடியும் சர்க்கரையும் தூவிய சுருள் ரொட்டி. வேறு ஊர்க்காரன் பார்த்தால் மூஞ்சியைச் சுளிப்பான். இவர்களுக்கு அது இல்லாமல் அறுப்பும் கிடையாது, ஆட்டமும் கிடையாது. தானிய வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த மகள் பிரிட்டாவும் வந்து உட்கார்ந்தாள். காதுக்குள் எல்லாம் உமி.

ஃபோன் அடித்தது. போர்ட் ஆல்டன் ராய்ஸ். நவம்பரில் ஆட்டம் நடக்கிறபோதெல்லாம் மைதானத்துக்கு வெளியே இவர்கள் வண்டிக்குப் பக்கத்தில் தன் வண்டியைப் போட்டு நண்டு வேகவைக்கிறவன். திரையில் பெயரைப் பார்த்துவிட்டு டுவெய்ன் ஃபோனை ஆர்லிஸ் பக்கம் தள்ளினான்.

"என்ன ஆர்லிஸ், உன் வீட்டுக்காரன் உசுரோட இருக்கானா?"

"இருக்கான். உன்கூடப் பேச மாட்டானாம்."

"நான் என்ன பண்ணேன்? என்னைக் கேட்டுக்கிட்டா பண்ணானுங்க? இனிமே எங்க பசங்க ஒரு வாலிபால் ஆடணும்னா நாட்டோட அந்தக் கோடிக்குப் பிளேன் ஏறணும். என் தங்கச்சி மக இப்பவே அழுவுறா, எப்பப் படிக்கிறதுன்னு."

"டிவிக்காரன் குடுத்த நோட்டுல கண்ணத் தொடச்சுக்கச் சொல்லு," என்றான் டுவெய்ன், குழம்புக் கிண்ணத்தைப் பார்த்தபடி.

"கேட்டுச்சு கேட்டுச்சு. நண்டுத் தொட்டிய விக்கப்போறேன்னு சொல்லு அவன்கிட்ட." ராய்ஸ் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினான். "ஆர்லிஸ், ஒண்ணு சொன்னா கோவிக்காத. டிவிப் பணம் போயிட்டதால அங்க ஃபுட்பாலக் காப்பாத்த மத்ததெல்லாம் வெட்டுவாங்கன்னு பேசிக்கிறாங்க. பிரிட்டாவுக்கு ஏதாவதுன்னா சொல்லு. இங்க ஈட்டி சொல்லித்தர்ற அம்மா எங்க அடுத்த வீடுதான்."

"எங்க வீட்டுலேருந்து யாரும் அங்க வரல," என்று சொல்லிவிட்டு ஆர்லிஸ் ஃபோனை வைத்தாள். சொன்னபிறகு ஏன் அவ்வளவு வெடுக்கென்று சொன்னோம் என்று இருந்தது.

"என்ன சொன்னாரு?" என்று பிரிட்டா கேட்டாள்.

"நண்டு தின்னு கொழுத்தவன் என்ன சொல்லுவான். நீ சாப்பிடு."

பிரிட்டா ஹார்லன் ஸ்டேட்டில் ஈட்டி எறிகிறவள். இரண்டு வருஷம் முடிந்துவிட்டது, இரண்டு வருஷம் பாக்கி. பள்ளிக்கூடத்தில் வாலிபால் குழுவில் இடம் கிடைக்காமல், கோபத்தில் வேலிக் கம்பைப் பிடுங்கி எறியப்போய்த்தான் இது ஆரம்பித்தது. டுவெய்ன் அதைப் பார்த்தான். அந்த வருஷத்திலிருந்து தெற்குக் காட்டை அறுக்கும்போது வரப்போரமாக ஒரு துண்டை மட்டும் தாள் தரையோடு தரையாக வரும்படி ஒட்ட அறுத்துவிடுவான், அவள் ஓடிவந்து எறிவதற்கு. எதற்காக என்று வாயைத் திறந்து சொன்னதில்லை. சாயங்காலம் வேலை முடிந்து எல்லோரும் காலை நீட்டும்போது அவள் மட்டும் அங்கே போய் எறிந்துகொண்டிருப்பாள். எறிவதும், நடந்துபோய் எடுப்பதும், திரும்ப வருவதும்தான். ஆர்லிஸ் சமையலறை ஜன்னலில் நின்று பார்ப்பாள். இந்த வீட்டில் பிறந்த ஒருத்திக்குக் கோதுமையைத் தவிர வேறொன்று கைக்கு வந்திருக்கிறது என்பதில் அவளுக்கு ஒரு கர்வம். வெளியே காட்டிக்கொள்ளமாட்டாள்.

அறுப்பு பாதி தாண்டுவதற்குள் ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. உரக்கடையில், சர்ச் வாசலில், எடைமேடையில் எல்லாம் அதே பேச்சுதான். நீச்சலை எடுக்கிறார்கள் என்றான் ஒருவன். டென்னிஸ் என்றான் இன்னொருவன். பிரிட்டாவின் பயிற்சியாளர் யோலண்டா தினமும் அனுப்புகிற செய்தியை நிறுத்திவிட்டாள். அப்புறம் கல்லூரித் தலைவர் பிரெஸ்காட் ஊரைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, உள்விளையாட்டரங்கத்தில், எல்லோரும் வரலாம், கேள்வி கேட்கலாம்.

அன்றைக்குக் காலையில் ஆர்லிஸ் சுருள் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது பிரிட்டா வந்து பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, கேள்வி நீ கேளு."

"நானா? உங்கப்பா இருக்காரே."

"அப்பா கேட்டா ஃபுட்பால் பத்தித்தான் கேப்பாரு. அடுத்து யாரோட ஆடப்போறோம், எந்தக் கூட்டணின்னு. நான் கேட்டா, விளையாடுற பொண்ணு, தன் நலத்துக்குப் பேசுதும்பாங்க. நீ கேட்டா ஊர் கேட்ட மாதிரி. தடகளத்த என்ன பண்ணப்போறீங்கன்னு மட்டும் கேளு. அவரு முடிவச் சொல்றதுக்கு முன்னாடி கேக்கணும். சொன்னதுக்கப்புறம் கேட்டா பிரயோஜனம் இல்ல."

"எனக்கு மைக்கப் பிடிச்சாலே நாக்கு ஒட்டிக்கும்டி."

"ஒரு வரிதான்மா."

"சரி. கேக்குறேன்."

"நெஜமா?"

"கேக்குறேன்னு சொல்லிட்டேன்ல. மாவுக் கையோட சத்தியம் பண்ணணுமா?"

பிரிட்டா சிரித்தாள். அந்தக் கோடை முழுக்க அவள் அப்படிச் சிரித்து ஆர்லிஸ் பார்க்கவில்லை.

இங்கே ஹார்லன் பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கல்லூரிக்கு ஒரு பாட்டு உண்டு. அதன் வாத்தியம் கேட்டால் ஊரே எழுந்து நிற்கும். ஆண்கள் தொப்பியைக் கழற்றித் தலைக்கு மேல் பிடிப்பார்கள், பெண்கள் நெஞ்சில் கை வைப்பார்கள். கல்யாணத்தில் போடுவார்கள், சாவு வீட்டிலும் போடுவார்கள். டுவெய்னின் அப்பாவைப் புதைத்தபோது பாட்டு போட்டதும், இடுப்பு ஒடிந்து சக்கர நாற்காலியில் வந்திருந்த கிழவர் ஒருவர் இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். பெட்டிக்குள் இருக்கிறவரும் எழுந்துவிடுவாரோ என்று பயந்துபோனதாக ஆர்லிஸ் வெகுநாள் சொல்லிச் சிரிப்பாள். யாரும் யோசித்துக்கொண்டு எழுந்திருப்பதில்லை. தும்மல் வருகிற மாதிரி, கால் தானாக எழுந்துவிடும்.

அரங்கம் நிரம்பி வழிந்தது. அறுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்த கூட்டம், வேர்வை வாசமும் டீசல் வாசமுமாக இருந்தது. மேடைக்குப் பக்கத்தில் கல்லூரி வாத்தியக் குழு வெயிலுக்குப் பொருந்தாத கம்பளிச் சட்டையில் உட்கார்ந்திருந்தது. பேச்சுக் கூட்டத்துக்கு எதற்கு வாத்தியம் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆர்லிஸுக்கும் தோன்றவில்லை. அவள் கேள்வியை உள்ளுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரிட்டா தன் குழுப் பெண்களோடு எதிர்ப்பக்கப் படிக்கட்டில் இருந்தாள்.

பிரெஸ்காட் நன்றாகப் பேசினார். தேன் ஒழுகியது. நம்மை நட்டாற்றில் விட்டுவிட்டார்கள் என்றார். டுவெய்ன் "ஆமா" என்று சத்தமாகச் சொன்னான். நம்மை இனிமேல் சின்னக் கல்லூரி என்று சொல்லப் பார்க்கிறார்கள் என்றார். கூட்டம் உறுமியது. பெரிய ஃபுட்பால் ஆடுகிற கல்லூரியாகவே நாம் நிற்கவேண்டுமானால் சில வலிகளைத் தாங்கவேண்டும் என்றார்.

இதுதான் சமயம் என்று ஆர்லிஸுக்குத் தெரிந்தது. கையைத் தூக்கினாள். முழுசாகக்கூட இல்லை, காதுவரை. மைக்கோடு நின்ற பையன் அவளைப் பார்த்து ஓரடி எடுத்து வைத்தான்.

"கேள்விகளுக்கு வருவோம்," என்றார் பிரெஸ்காட். "அதற்குமுன் எனக்கு ஒன்றே ஒன்று தெரிந்தாக வேண்டும். இந்த ஊர் என்னோடு நிற்கிறதா, இல்லையா?" வாத்தியக் குழுவைப் பார்த்துத் தலையசைத்தார்.

எக்காளம் கிளம்பியது.

டுவெய்ன் எழுந்துவிட்டான். முன்வரிசை, பின்வரிசை, மாடி எல்லாம் எழுந்துவிட்டது. தொப்பிகள் மேலே போயின. ஆர்லிஸும் எழுந்துவிட்டாள். காதுவரை போயிருந்த கை இறங்கி நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. வாய் பாடிக்கொண்டிருந்தது. எதிரே கூட்டத்துக்கு நடுவில் ஒரு சின்னக் குழி மாதிரி, ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்தபடியே இருந்தார்கள். அதை அவள் இரண்டாவது அடி பாடும்போதுதான் கவனித்தாள். அப்போது உட்காரலாம் என்று பார்த்தால் எல்லோரும் நிற்கிறார்கள். உட்கார முடியவில்லை.

பாட்டு முடிந்ததும் பிரெஸ்காட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நன்றி. எனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. ஊரே எழுந்து நின்று சம்மதம் கொடுத்ததாக நாளைக்கு நிர்வாகக் குழுவில் சொல்வேன்." பிறகு அவர் வாசித்தார். நீச்சல் இல்லை. டென்னிஸ் இல்லை. தடகளம், ஆண் பெண் இரண்டும், இந்த வருஷத்திலிருந்து இல்லை. விளையாடியவர்களுக்குப் படிப்புச் சலுகை தொடரும், யாரும் கவலைப்பட வேண்டாம்.

மைக்குக்காரப் பையன் ஆர்லிஸைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. இப்போது கேட்டு என்ன ஆகப்போகிறது?

வீட்டில் அடுப்புமேல் குழம்பு ஆறிக் கிடந்தது. டுவெய்ன் நாற்காலியில் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் சமையலறைக்குள் சுற்றினான்.

"எனக்கு எப்படிடி தெரியும்? பாட்டு போட்டான், எந்திரிச்சேன். அதப் போயி சம்மதம்னு எழுதிக்கிட்டா?"

"ஒண்ணும் இல்லப்பா," என்றாள் பிரிட்டா.

"படிப்புக்குத் தர்றானுங்கல்ல. படிப்ப முடி. ஈட்டி எங்க போயிடப் போகுது, நம்ம காட்டுல எறி. எவன் கேக்கப்போறான்?"

"யாரோட எறியறது? காக்காயோடயா?"

"அதுக்காக?"

"கடற்கரையில எடம் இருக்குன்னு யோலண்டா சொல்றா."

டுவெய்ன் நின்றுவிட்டான். "அங்க மட்டும் வேண்டாம். வேற எங்க வேணா போ. அந்த நன்றிகெட்டவனுங்க சட்டைய மாட்டிக்கிட்டு எம்மக நிக்கக் கூடாது. அவனுங்க போனதாலதானே இதெல்லாம்."

"போனது அவங்க. வெட்டினது இவங்க."

"பேச்சப் பாரு. ஆர்லிஸ், நீ சொல்லு அவளுக்கு."

ஆர்லிஸ் குழம்பைச் சூடு பண்ணத் திரும்பிக்கொண்டாள். மகளின் கண்ணைப் பார்க்காமல் இருக்க ஒரு அடுப்பாவது இருக்கிறதே என்று இருந்தது.

அதற்குப்பிறகு பிரிட்டா ஒரு சண்டையும் போடவில்லை. விடிந்ததும் வண்டியை எடுத்தாள், அறுப்பு மிஷினோடு கூடவே ஓட்டினாள், தானியத்தை வாங்கி லாரியில் தட்டினாள். சாயங்காலம் தெற்குக் காட்டுப் பக்கம் மட்டும் போகவில்லை. சண்டை போட்டிருந்தால் ஆர்லிஸுக்குத் தேவலையாக இருந்திருக்கும். டுவெய்ன் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டான். "ஆறிட்டா. நம்ம ரத்தம்," என்றான்.

அறுப்பின் கடைசி நாள் காலையில் பிரிட்டா லாரியில் ஏறி அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊர்க் குதிர்வரை வருகிறேன் என்றாள். காலடியில் ஒரு பை. சீட்டுக்குப் பின்னால் நீளமான குழாய் ஒன்று, ஈட்டி வைக்கிற குழாய். ஆர்லிஸ் இரண்டையும் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் கியரைப் போட்டாள்.

எடைமேடைக்கு முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. சிமெண்டுக் குதிரின் நிழல் சாலையில் விழுந்திருந்தது. புழுதி அடங்கியதும் பிரிட்டா சொன்னாள், "யோலண்டா இங்க வந்து கூட்டிட்டுப் போறா. அவளுக்கும் வேலை போயிடுச்சு. அவ தங்கச்சி வீடு அந்தப் பக்கம்தான்."

"உங்கப்பாகிட்ட சொல்லலியே."

"நீ சொல்லிடு."

"அவரு ஒடிஞ்சு போயிடுவாரு பிரிட்டா. பாவம், பாட்டு கேட்டா எந்திரிக்கிற மனுஷன். அவருக்குச் சூது வாது தெரியாது. அத மனசுல வெச்சுக்கிட்டு நீ..."

"அப்பா எந்திரிச்சதப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்லம்மா. அவரு எந்திரிப்பாருன்னு எனக்குத் தெரியும். நான் அவரப் பாக்கவே இல்ல."

முன்னால் நின்ற லாரி நகர்ந்தது. ஆர்லிஸ் நகரவில்லை.

"நான் உன்னத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். உன் கை மேல போச்சு. எங்க பொண்ணுங்ககிட்ட சொன்னேன், அதோ எங்கம்மா கேக்கப்போறாங்க, பாருங்கடின்னு."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். ஆர்லிஸ் லாரியை ஓரடி நகர்த்திவிட்டு மறுபடி பிரேக்கை மிதித்தாள். மன்னித்துவிடு என்று சொல்ல நினைத்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிரிட்டா குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, அம்மாவின் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு இறங்கினாள். கதவைச் சாத்தியவிதத்தில் கோபமே இல்லை. எடைமேடைக்காரன் ஜன்னல் வழியே கையசைத்து, "வாங்க வாங்க, இன்னைக்கோட கடைசியா?" என்று கேட்டான். ஆர்லிஸ் ஆமாம் என்றாள்.

காலி லாரியோடு அவள் திரும்பி வந்தபோது டுவெய்ன் கடைசிச் சால் அறுத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் மிஷினை மெதுவாக்கி, கூண்டுக் கதவைத் திறந்து தலையை நீட்டினான்.

"எங்க அவ? தானிய வண்டிய யாரு எடுக்கிறது?"

"நான் எடுக்கறேன். அவ போயிட்டா."

"எங்க போயிட்டா?"

"போர்ட் ஆல்டனுக்கு."

மிஷின் நின்றது. அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"நீ ஒண்ணுமே சொல்லலியா? வாயில என்ன வெச்சிருந்த? பெத்தவ நீ, ஒரு வார்த்த சொல்லித் தடுத்திருக்கக் கூடாது?"

"சொல்ல வேண்டிய அன்னைக்கு எந்திரிச்சு நின்னு பாடிட்டேன், டுவெய்ன்," என்றாள் ஆர்லிஸ். "இப்ப என்னத்தச் சொல்ல?"

அவன் கதவைச் சாத்திக்கொண்டான். மிச்சமிருந்த கோதுமையை அறுக்க வேண்டியிருந்தது. அவள் தானிய வண்டியில் ஏறி, மகள் உயரத்துக்குத் தள்ளிவைத்திருந்த சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அவனுக்குப் பக்கவாட்டில் ஓட்டத் தொடங்கினாள்.